இருபத்தோரு முழம்

மகனுடைய கையளவு வாட்ஸப்பில் வந்தபோது சரஸ்வதி கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். ‘45.72 செ.மீ.’ அவ்வளவுதான் செய்தி. அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை, சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி இல்லை. ரேஷன் கடைக்காரர் எடை சொல்வதுபோல ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவள் கேட்டது எண்ணே இல்லை, நூல். வலது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அறுத்து, கவரில் போட்டு அனுப்பு என்றுதான் மாசி பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். முழக்கணக்கில் யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர் கோயிலுக்கு வர முடியாவிட்டால், அவர் கைக்குப் பதிலாக அந்த நூலைச் சாமி முன்னால் வைத்து அளப்பார்கள். அவர்கள் குடும்பத்தில் அதுதான் முறை.

அவள் புருஷன் நவநீதகிருஷ்ணனுக்கோ அந்த எண்ணைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். பாளையம்பட்டியில் முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பைப்பு, கயிறு, சங்கிலி, கம்பிவலை என்று நீளத்தில் விற்கிற சாமான்தான் பாதிக் கடை. இன்ஜினியர்கள் மீட்டரில் கேட்பார்கள், கொத்தனார்கள் அடியில் கேட்பார்கள், காடு உழுகிற சம்சாரிகள் முழத்தில் கேட்பார்கள். மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிச் சொல்ல அவருக்குக் கால்குலேட்டர் வேண்டாம், தூக்கத்தில் எழுப்பினாலும் போதும்.

“ஒன்றரை அடி. அச்சுப் பிசகல பாரு. என் மகன் கை, அளவெடுத்துச் செஞ்ச கை” என்றார். ஒரு முழம் ஒன்றரை அடி என்றால் இருபத்தோரு முழத்துக்கு முப்பத்தொன்றரை அடி, மீட்டரில் ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே. மனைவி வாயைத் திறப்பதற்குள் இரும்புச் சங்கிலியை இழுத்துப் போட்டு அளந்து, கண்ணியை அறுத்து, சாக்கில் கட்டி எடுத்து வைத்துவிட்டார். வியாபாரிக்கு வேலை முடிந்துவிட்டது. சரஸ்வதிக்கு அப்போதுதான் தொடங்கியது.

அந்தச் சங்கிலி இருபது வருஷக் கடன். ஆனந்தகுமாருக்கு மூன்று வயதில் காய்ச்சல் தலைக்கேறி வலிப்பு வந்தது. கண் செருகி, வாயில் நுரை தள்ளி, அவள் மடியிலேயே பிள்ளை விறைத்துக் கிடந்தான். மதுரைக்குப் போகிற வண்டியில் இருந்தபடியே குலதெய்வமான இருளப்பசாமிக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் பிள்ளை கையால் இருபத்தோரு முழம் சங்கிலி போடுகிறேன் என்றாள். பிள்ளை பிழைத்தான். ஆனால் கோயிலுக்குத்தான் ஆயுசு கெட்டுவிட்டது. திருச்சுழிக்குத் தெற்கே காட்டுக்குள் இருக்கிற சின்னக் கோயில் அது. சாவி யாரிடம் இருப்பது என்று பங்காளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கேஸ் போட்டு, இருபது வருஷம் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். சாமிக்குச் சோறு இல்லை, விளக்கு இல்லை, இவர்களுக்கு வக்கீல் உண்டு. போன ஆடியில்தான் ஒருவழியாகச் சமாதானமாகிக் கதவு திறந்தது. இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு நேர்த்திக்கடன் உள்ளவர்கள் எல்லோரும் செலுத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பூசாரி தங்கபாண்டியிடம் சரஸ்வதி முன்பே கேட்டுவிட்டாள். பிள்ளை அன்றைக்குச் சின்னவன், இன்றைக்கு ஆறடி ஆள், எந்தக் கையை வைத்து அளப்பது? எந்தக் கை சாமி முன்னால் வந்து அளக்கிறதோ அந்தக் கைதான் கணக்கு என்று சொல்லிவிட்டார் அவர். அப்படியானால் குறையாமல் இருக்கக் கூடவே போட்டுவிடலாமே என்று நவநீதகிருஷ்ணன் இடையில் புகுந்தபோது, பூசாரி வேகமாகத் தலையை ஆட்டினார். குறைந்தால் கடன் தீராது. கூடப் போட்டாலோ, அடுத்த வேண்டுதலுக்கு அச்சாரம் கொடுத்ததாகச் சாமி எடுத்துக்கொள்ளும். அடுத்த வேண்டுதல் என்றால் அதற்கு முன்னால் அடுத்த கஷ்டம் வர வேண்டுமே. அச்சாரம் என்றால் என்ன என்பது கடைக்காரக் குடும்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடப் போடுகிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

சரஸ்வதியின் பயம் இதுதான். கடன் இருபது வருஷம் நின்றுபோனதால் சாமி திரும்பக் கேட்கிறது, மகனுக்கு அந்த வலிப்பு திரும்ப வந்துவிட்டது, அவன் மறைக்கிறான். சும்மா பயப்படவில்லை அவள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மிஷினில் வேலை பார்க்கிறவன், தைப் பொங்கலுக்கு வரவில்லை. லீவு இல்லை என்றான். அதற்கப்புறம் வீடியோவில் வருவதே இல்லை. முன்பெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்னத்தையாவது எழுதி அனுப்பிச் சிரிக்கவைப்பான். இப்போது இந்த எண்ணைத் தவிர எழுத்தே இல்லை, எல்லாம் குரலில்தான் வருகிறது, அதுவும் “நல்லாருக்கேன், வைக்கிறேன்” என்று அவசரக் குரலில். பங்குனிப் பொங்கலுக்காவது வா என்றால் அதற்கும் லீவு இல்லையாம். நாக்கைக் கடித்துக்கொண்டு எங்காவது தனியாகக் கிடக்கிறானோ என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷனிடம் சொன்னாள். வயசுப் பையன் அம்மாவிடம் எத்தனை நேரம் பேசுவான், உனக்கு வேறு வேலை இல்லை என்று அவர் சங்கிலிச் சாக்கைத் தட்டிக் காட்டினார். கடன் தயார், இனி என்ன பயம் என்பது அவர் கட்சி.

ஆனால் அந்த எண் அவளை விடவில்லை. முள் காலில் ஏறினால்கூட எடுத்துவிடலாம். இது எங்கே ஏறியிருக்கிறது என்றே தெரியவில்லை.

மறுநாள் பந்தல்குடிப் பக்கத்துச் சம்சாரி சின்னத்துரை மாட்டுக்குக் கயிறு வாங்க வந்தார். எட்டு முழம் என்றார். நவநீதகிருஷ்ணன் மேசை விளிம்பில் அடித்திருக்கிற மீட்டர் பட்டையில் வைத்து அளக்கப் போனார். சின்னத்துரை கயிற்றைப் பிடுங்கித் தன் கையாலேயே அளந்தார். மனுஷர் பனை மரம். அவர் கைக்கு எட்டு முழம் என்பது கடைக் கணக்குக்கு ஒன்பது முழத்தைத் தொடும். வழக்கமாக இந்தச் சண்டையில் சரஸ்வதி புருஷன் கட்சிதான். அன்றைக்கு அவள் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கொஞ்சம் கையை நீட்டுங்கண்ணே என்று அவர் முழங்கையிலிருந்து நடுவிரல்வரை பிடித்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்று.

பிறகு புருஷன் கையை அளந்தாள், நாற்பத்தாறரை. தன் கையை அளந்தாள், நாற்பத்திரண்டு. பெயிண்டு வாங்க வந்தவர், பூட்டு வாங்க வந்தவர், பக்கத்து டீக்கடைக்காரர் என்று யார் வந்தாலும் விடவில்லை. கையை நீட்டச் சொல்லி அளந்தாள். சாமான் வாங்க வந்தவர்கள் சட்டை தைக்கக் கொடுத்தவர்களைப்போல முழித்தார்கள். அரைக்கு வந்தது, முக்காலுக்கு வந்தது, ஒன்றுகூடக் கடைக் கணக்குக்குச் சரியாக வந்து உட்காரவில்லை. ஒரு மனுஷனுடைய கை புள்ளி வைத்து, புள்ளிக்கு அப்புறம் இரண்டு தானம்வரை சுத்தமாக ஒன்றரை அடிக்கு வளருமா?

பந்தல்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் பிருந்தாவுக்குப் போன் போட்டாள். பிருந்தா எண்ணைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். “அம்மா, அது அவன் கையே இல்ல. ஒரு முழம் எத்தன சென்டிமீட்டர்னு போன்ல போட்டா வர்ற கணக்கு. சோம்பேறி, அளக்காம அப்படியே பாத்து அனுப்பிருக்கான்.”

மகளோடு சேர்ந்து தானும் சிரித்துவிடலாம் என்று சரஸ்வதிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு அந்த எண்ணைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். மற்றதில் சோம்பேறி என்றால் நம்பலாம். அளக்கிற விஷயத்திலா? அவன் பிழைப்பே அளப்பதுதானே. தலைமுடியில் பாதிக் கனம் கூடினாலும் உருப்படியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்வான். வீட்டுக்கு வந்தால் கட்டிலை அளப்பான், கதவை அளப்பான், அக்கா பிள்ளையை நிற்கவைத்து அளப்பான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி டேப். அப்படிப்பட்டவன் சாமிக்கு என்று பெற்றவள் கேட்டு, தன் கையை அளக்கவில்லை என்றால் அளக்க மனசில்லாமல் இல்லை. அளக்க முடியவில்லை.

அதற்குமேல் அவளால் கடையில் உட்கார முடியவில்லை. வெயில் உச்சிக்கு வந்த நேரம். கடைக்குப் பின்னால் பைப்புகள் அடுக்கியிருக்கிற குடோனுக்குள் போய், ஒரு பெயிண்டு டப்பாவின் மேல் உட்கார்ந்து, வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். அவன் குரலில் மட்டும் பேச வந்தான். வேலையில் இருக்கிறேன் என்றான். வெளியே போய்ப் பேசு, நான் காத்திருக்கிறேன் என்றாள். சாயங்காலம் பேசுகிறேன் என்றான். நீ இப்போது முகத்தைக் காட்டாவிட்டால் இன்றைக்கே பஸ் ஏறி ஓசூருக்கு வந்துவிடுவேன் என்றாள். அவள் வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

முகம் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அவள் உதட்டைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நெற்றியில் விழுந்த காயம் உண்டா என்று பார்த்தாள்.

“வலிப்பு வந்துச்சாய்யா? சாமி மேல சத்தியமாச் சொல்லு.”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. இருபது வருஷத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. ஒரு மூச்சு விட்டாள், அந்த ஒரு மூச்சுதான் நிம்மதி. பிறகு கையைக் காட்டச் சொன்னாள். அவன் ஒரு கையைக் காட்டினான். அது இடது கை. சோற்றுக்கையைக் காட்டு என்றாள்.

போனில் கொஞ்ச நேரம் ஏதோ ஒரு கட்டடத்தின் கூரை தெரிந்தது, அப்புறம் வானம் தெரிந்தது. பிறகு அந்தக் கை வந்தது. கட்டைவிரல் இருந்தது. பக்கத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அடியோடு இல்லை. தையல் போட்ட இடம் ஆறி, மினுமினுப்பாக, புதுத் தோல் மூடியிருந்தது. அதற்கப்புறம் மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

அவள் பைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவனே சொன்னான். மார்கழியில் நடந்ததாம். பிரஸ் மிஷினில் கை இருக்கும்போதே அது இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியெல்லாம் பார்த்தாகிவிட்டது, வலி இல்லை, இப்போது வேறு செக்ஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைத் தள்ளியிருக்கிறான். நாள் தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

“அளந்தேம்மா” என்றான். அதுவரை நிதானமாக வந்த குரல் அங்கேதான் உடைந்தது. “நீ கேட்டன்னிக்கே அளந்தேன். நடுவிரல் இருந்த எடம் வரைக்கும் வச்சு அளந்தேன். நாப்பதுகூட வரல. எடது கையை வச்சு அனுப்பலாம்னா, சாமிக்கு எடது கை ஆகாதும்ப. எங்கையில முழமே இல்லம்மா இப்ப. கொறச்சலா அனுப்புனா உன் கடன் தீராதேன்னுதான் போன்ல பாத்துப் போட்டேன்.”

கையைத் தொலைத்தவன், சாமிக்குக் குறைந்துவிடக் கூடாதே என்று ஊரார் கையை அளவாக அனுப்பியிருக்கிறான். சரஸ்வதிக்கு மகன் மேல் வந்த இரக்கத்தைவிடச் சாமி மேல் வந்த ஆத்திரம் பெரிசாக இருந்தது. எங்கே கும்பிட்டோமோ அங்கேயே போய்க் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் வாயில் வந்தது வேறு.

“எப்படிய்யா சாப்பிடுற?”

“ஸ்பூன்லம்மா.”

அதைக் கேட்டதும்தான் அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, லீவு குடுத்தாலும் வா, குடுக்காட்டியும் வா என்று சொல்லிவிட்டு வைத்தாள். நவநீதகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் கல்லாவில் இருந்த டேப்பை எடுத்துத் தன் கையில் முழங்கையிலிருந்து பிடித்துப் பார்த்தார், நடுவிரலை மடக்கிக்கொண்டு இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தார். பிறகு பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பங்குனிப் பொங்கலன்று காலையில் ஆனந்தகுமார் வந்து இறங்கினான். பக்கத்திலிருக்கிற அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸிலும் அங்கிருந்து ஆட்டோவிலுமாகக் கோயிலுக்குப் போனார்கள். வழி நெடுக அவன் வலது கையைப் பேண்ட் பையிலிருந்து எடுக்கவில்லை. சங்கிலிச் சாக்கை அப்பா மடியில் வைத்திருந்தார். முப்பத்தொன்றரை அடி, அப்படியே. புதிதாக அறுத்துக் குறைக்க அவருக்கு மனசு வரவில்லை. கோயிலில் அளந்து மிச்சத்தை அங்கேயே அறுத்துக்கொள்ளலாம் என்று ரம்பத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டார்.

பங்காளிகள் நிறையக் கூடியிருந்தார்கள். கேஸ் நடத்திய இரண்டு கட்சியும் ஒரே வேம்பு நிழலில் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. முறை வந்ததும் பூசாரி தங்கபாண்டி சங்கிலியைச் சாமி முன்னால் தரையில் நீளமாகப் போட்டார். கையை வை என்றார். ஆனந்தகுமார் அம்மாவைப் பார்த்தான். சரஸ்வதி தலையாட்டினாள். அவன் மண்டியிட்டு, வலது கையைப் பையிலிருந்து எடுத்து, முழங்கையைச் சங்கிலியின் முதல் கண்ணியில் ஊன்றினான்.

எண்ணுவது பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து செய்வது. ஒன்று என்று பெரிய சத்தமாகத்தான் தொடங்கினார்கள். பிறகு அந்தக் கையைக் கண்டவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். பாதிக்குமேல் பூசாரியும் சரஸ்வதியும் மட்டும்தான் எண்ணினார்கள். ஒவ்வொரு முழத்துக்கும் அவன் விரல் இல்லாத இடத்தில் பூசாரி சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியில் அவன் முழங்கையை எடுத்து வைத்து அடுத்த முழம் போட்டான்.

இருபத்தொன்று முடிந்தது. சங்கிலி முடியவில்லை.

மிச்சம் தரையில் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் நீளம் சொல்லிவிடுகிற நவநீதகிருஷ்ணனுக்கு அது நாலடிக்கு மேல் என்று தெரிந்தது. எதனுடைய நாலடி என்பதும் தெரிந்தது. கூடுதல் இருக்கு, அச்சாரமாப் போயிடும், அறுத்துருங்க என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பூசாரியும் தலையசைத்தார். நவநீதகிருஷ்ணன் ரம்பத்தை எடுத்து, சுண்ணாம்புப் புள்ளிக்குப் பக்கத்துக் கண்ணியில் வைத்தார். வைத்த கை இழுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அறுத்துக் கொடுத்தவர் ரம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகன் அந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கை இவ்வளவு குறைந்துவிட்டது என்று ஊர் பார்க்கக் கிடக்கிறதே என்ற கூச்சம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

சரஸ்வதிக்கு அதைத் தாங்க முடியவில்லை. முன்னால் போய்ப் புருஷன் கையிலிருந்த ரம்பத்தை வாங்கித் தூர வைத்தாள். அடுத்த கஷ்டத்தைக் கூப்பிடுகிறோமோ என்கிற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் மிச்சச் சங்கிலியைத் தரையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி எடுத்துச் சாமி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“இது அச்சாரம் இல்ல. எம்பிள்ள இதை ஏற்கெனவே குடுத்துட்டான். சேத்து வரவு வச்சுக்கிரும்.”

இவள் இப்படிச் சாமியிடம் கணக்குப் பேசியது சரியா தப்பா என்று பங்காளிகள் பூசாரியைப் பார்த்தார்கள். தங்கபாண்டி ஆனந்தகுமாரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழுச் சங்கிலியையும் தோளில் வாரிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்து எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார். ஆனந்தகுமார் பழக்கத்தில் வலது கையை நீட்டினான், அதில் பாதி கீழே கொட்டியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பூசாரி இன்னொரு பிடி எடுத்து அதே கையில் போட்டார்.